ரோஸ் கலர் சைக்கிளும் ஒரு வார்த்தை ரிப்போர்ட்டும்

கொடுத்தேன் என்கிறவரையும் வாங்கினேன் என்கிறவரையும் ஒரே பார்வையில் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் ஒன்று உண்டு. அதற்கு விசாரணைக்குப் போவது என்று பெயர்.

உங்களில் பலருக்கு இந்தப் பாடு தெரிந்திருக்கும். லோன் போட்டு வாங்கின மாடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போன பாங்குக்காரர்கள், ரேஷன் கார்டில் இருக்கும் மாமியார் வீட்டிலும் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்த தாலுகா ஆபீஸ்காரர்கள், ஜனத்தொகை எடுக்கப் போய் நாயிடம் மாட்டிக்கொண்ட வாத்தியார்கள், எல்லோரும் நம் கூட்டம்தான். உங்களுக்குச் சொன்னால்தான் புரியும் என்று எழுதுகிறேன்.

மெட்ராஸில் ஒரு தர்ம ஸ்தாபனம், கல்வராயன் மலைப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஹைஸ்கூல் போவதற்கென்று சைக்கிள் கொடுக்கும் பெரிய திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பொங்கலையொட்டி முதல் லாரி வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அதைப்போலப் பல லாரிகள் வர வேண்டும். அதற்குள், முதலில் வந்ததெல்லாம் சேலத்தில் விலைபோய்விட்டது என்று ஒரு பேச்சு கிளம்பி மெட்ராஸ் வரை போய்விட்டது. ஸ்தாபனத்தின் செயலாளர், கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதத் தெரிந்த ஆள் யார் என்று தேடி, கான்வென்டில் படித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த என்னைப் பிடித்தார். நேரில் போய்ப் பார்த்து, ரிப்போர்ட்டின் தலையில் ‘நம்பலாம்’ அல்லது ‘நம்ப முடியாது’ என்று ஒரே வார்த்தை எழுத வேண்டும். இரண்டாவதை எழுதினால் மற்ற லாரிகள் கிளம்பாது.

நான் பயப்படுகிற பொருட்கள்: நாய், கொண்டை ஊசி வளைவு, பெரிய மீசை, என் பையனுக்கு இனிமேல் வரப்போகிற காய்ச்சல்கள். இப்போதுகூட அவன் மூக்குக்கு நேரே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவன் விழித்துக்கொண்டால் இது பாதியில் நிற்கும்.

பேனரில் இருந்த முகம்

திட்டத்தை இந்தப் பக்கம் நடத்துகிறவர் தியாகதுருகத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் ராஜமாணிக்கம். எதிரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலும் மைக் வைத்துத்தான் பேசுவார். மில் வாசலில் துணி பேனர் ஒன்று கட்டியிருந்தது. அதில் முக்கால்வாசி அவர் முகம். கீழே ஒரு மூலையில், அவர் சட்டைப் பையிலிருந்து தவறி விழுந்த மாதிரி ஒரு சைக்கிள். தர்மம் செய்தால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அந்தப் பாடத்தின்படி இவர் நிச்சயம் திருடர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

மீசையும் பெரிதாகவே இருந்தது. பையனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்த கேள்வியைக் கேட்டேன்: சைக்கிள் திட்டத்துக்குப் போட்ட பேனரில் சைக்கிளைவிட உங்கள் படம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? கோபித்துக்கொள்வார் என்று வாசல் எத்தனை அடியில் இருக்கிறது என்பதைக்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அவர் எனக்கு சோடா வரவழைத்துவிட்டு, மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“சைக்கிள் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்மா. அது காணாமப் போனா யார் சட்டையைப் புடிக்கணும்னு தெரிய வேணாமா? அதுக்குத்தான் மூஞ்சி.”

வேவு பார்த்தது

சேலம் பேச்சு உண்மையானால் சைக்கிள் ஏதாவது ஒரு கடை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் ரஹீம் பாய் கடையில்தான் லாரியில் பிரித்துப் பிரித்து வந்த பாகங்களை எல்லாம் மாட்டி முழு வண்டியாக்கினார்கள். நான் மாறுவேடம் போட்டேன். மாறுவேடம் என்றால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். தங்கச்சிக்கு ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வேண்டும், மலைக்குக் கொடுத்த வண்டி ஏதாவது கம்மி விலையில் வந்திருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடி இல்லாததால் அவரிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவருடைய காற்றடிக்கும் பம்பிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

பாய் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே பெயின்ட் டப்பாக்கள். நானே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த மாதிரி ஒரு ரோஸ் நிறத்தை அதற்கு முன் நான் பஞ்சுமிட்டாயில்தான் பார்த்திருக்கிறேன். தானமாகக் கொடுக்கிற வண்டி எல்லாவற்றுக்கும் மட்கார்டு முதல் செயின் கவர் வரை அதே பெயின்ட்டைத் தன் செலவில் அடித்ததாகச் சொன்னார். பெண் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றா என்று கேட்டேன். பாய் சிரிக்கவில்லை.

“புடிக்கறதுக்கு இல்லம்மா, திருடனுக்குப் புடிக்காம இருக்கறதுக்கு. இந்தக் கலரை வாங்கிக்கினு போயி சேலத்துல இன்னா, சிங்கப்பூர்லகூட ஒருத்தன் ஏற மாட்டான்.”

பொட்டு வைத்த நம்பர்

ஒவ்வொரு சைக்கிளுக்கும் சீட்டுக்குக் கீழே சட்டத்தில் ஒரு நம்பர் அடித்திருக்கும். எந்த நம்பர் எந்தப் பெண்ணுக்கு என்று மெட்ராஸிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். கண்ணால் பார்த்து டிக் போட வேண்டும், சுலபம் என்று நினைத்து மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்துக்குப் போனேன். சைக்கிள்கள் இருந்தன. ஆனால் புது வண்டிக்கு எங்கே பொட்டு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. எழுத்து இருக்கிற இடம்தான் நெற்றி என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். பொங்கலிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி அதன் மேலேயே மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் வைத்து, நம்பர் இருந்த இடத்தில் ஒரு சிறு கொழுக்கட்டை முளைத்திருந்தது. சுரண்டிப் பார்க்கவா என்று கேட்டதற்கு அந்த வீட்டுக்காரர், எடையில் ஏமாற்றுகிற நெல் வியாபாரியைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார், அப்படி ஒரு பார்வை பார்த்தார்.

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கொழுக்கட்டைக்கு ஓரமாக விரலை விட்டு எழுத்தைத் தடவிப் பார்த்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு மூன்று வீடுகளில் இப்படிச் செய்து கண்ணைத் திறந்தபோது என்னைச் சுற்றிப் பெண்கள் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் மந்திரிக்கிறேன் என்று பேச்சு பரவியிருந்தது. இல்லை என்று சொன்னால் நம்பர் பார்க்க விடமாட்டார்கள். ஆமாம் என்று சொல்ல கான்வென்ட் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுக்கு நடந்தேன். ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க வூட்டு தையல் மிஷினையும் ஒரு தபா தொட்டுட்டுப் போங்கம்மா, நூல் அறுந்துக்கினே இருக்குது.”

சாலையில் புளியமரம்

மலைக்குக் கிளம்பிய அன்று கச்சிராயபாளையம் போகும் வழியில் பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மரத்துக்குப் பக்கத்தில் நாற்பது ஐம்பது ஆட்கள். இறங்கி நடக்கிறவர்கள் நடக்கலாம் என்றார்கள். நான் பையனை முந்தானைக்குள் மூடிக்கொண்டு மரத்தை நெருங்கினேன். ஒரு இளைஞன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். பயம் வந்தால் எனக்குத் தமிழ் போய்விடும். மதர் சுப்பீரியர் முன்னால் நிற்கிற மாதிரி நின்று, மலையில் சைக்கிள் ஆய்வு செய்யப் போகிறேன் என்பதை இலக்கண சுத்தமான இங்கிலீஷில் சொல்லி முடித்து, கடைசியில் ‘சார்’ என்றும் சேர்த்தேன். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. தோளில் இருந்த துண்டைச் சரி செய்துகொண்டான்.

பிறகு அவனே என் பையனை வாங்கி மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் ஒருவனிடம் கொடுத்தான். பையன் அழாமல் அவன் காதைப் பிடித்துத் தொங்கினான். என்னைத் தாண்டவைக்கத்தான் நாலு பேர் வேண்டியிருந்தது. அதற்குள் எனக்குத் தமிழ் திரும்பி வந்துவிட, பெண் பிள்ளைகளுக்கான சைக்கிள் திட்டத்தை விளக்கினேன். கேட்டுவிட்டு அவன் சொன்னது:

“நாங்க ரோட்ல குந்திக்கினு கேக்கறதும் எங்களுக்கு உண்டான பங்குதான். எங்க ஊருக்கு ஒரு சைக்கிள்கூட வரலன்னு அதையும் இங்கிலீஷ்லயே எழுதிக்குங்க.”

எல்லோரும் சொன்ன ஒரே பதில்

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து மலைக்கு ஒரு பஸ் கிடைத்தது. பாதி மலையில் இறங்கி, கைகாட்டினவர்கள் சொன்ன ஒற்றையடிப் பாதையில் நடந்து, பட்டியலில் இருந்த ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் லாரியில் வந்ததில் பாதி இந்தச் சுற்றுவட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான். கண்ணைப் பறிக்கிற அந்த ரோஸைத் தேடினேன். வீடுகளுக்கு உள்ளே பார்த்தேன், பின்னால் பார்த்தேன், ஆட்டுப்பட்டியில்கூடப் பார்த்தேன். ஒரு சைக்கிள் இல்லை. எங்கே என்று கேட்டால் எல்லா வீட்டிலும், வார்த்தை மாறாமல், ‘கீழ நிக்குதுங்க’ என்றார்கள். விசாரணைக்குப் போகிற நமக்கெல்லாம் தெரியும், உண்மை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறித்தான் வரும். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சேலம் பேச்சு நிஜம்தான் என்று முடிவு கட்டினேன்.

கடைசி வீடு காளியம்மாவுடையது. என் வயதுதான் இருக்கும், இரண்டு பெண்கள். மூத்தவள் மல்லிகா கீழே ஹைஸ்கூலில் ஒன்பதாவது படிக்கிறாள். சைக்கிள் வாங்கினவர்களில் ஒருத்தி. சின்னவள் வள்ளி இந்த ஜூனில் ஹைஸ்கூல் போக வேண்டியவள். இரண்டாவது லாரியில் அவள் பெயர் இருக்கிறது. லாரி வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் தங்களோடு கேரளாவில் எஸ்டேட் வேலைக்குக் கூட்டிப்போவதாகக் காளியம்மா சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிக்கொண்டே என் மடியிலிருந்து பையனை வாங்கி, நான் கொதிக்க வைத்துக் கொண்டுவந்த பாட்டிலை நகர்த்திவிட்டு, சாமைக் கஞ்சியை விரலால் ஊட்டினாள். நான் ஊட்டினால் துப்புகிறவன் அவளிடம் வாயைத் திறந்து திறந்து காட்டினான்.

நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லிவிட்டேன். கண்ணால் பார்க்காத சைக்கிளை இருக்கிறது என்று என்னால் எழுத முடியாது. கொடுத்தது உங்களுக்கு, அப்படியானால் அது உங்கள் வீட்டில்தானே இருக்க வேண்டும் என்றேன். காளியம்மா வாசலுக்கு வெளியே செங்குத்தாக இறங்குகிற பாறையையும் பாதையையும் பார்த்தாள். பிறகு, இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதை எப்படி விளக்குவது என்கிற கவலையோடு என்னைப் பார்த்தாள்.

“இந்த மேட்டுல அதை ஏத்திக்கினு வந்து இன்னா பண்றதுங்க? அது ஆடா, தழை போட்டுக் கட்டி வைக்க?”

முதலில் வந்தவளுக்குக் கெட்ட வண்டி

ரோட்டு மறியலால் அன்றைக்குத் திரும்ப பஸ் இல்லை. அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு நானும் கீழே இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதித் தூரம் உட்கார்ந்துகொண்டே நகர்ந்தேன். பையன் மல்லிகாவின் முதுகில் துணித் தூளியில் ஜம்மென்று போனான். அடிவாரத்தில் ஓடாமல் கிடந்த ஒரு கரும்பாலைக் கொட்டகை. அதன் கூரைக்கு அடியில், பஞ்சுமிட்டாய்க் கடை போட்ட மாதிரி, வரிசையாக ரோஸ். எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். நம்பர் பார்க்க ஆரம்பித்தேன். மல்லிகாவின் சைக்கிளை வேறொரு பெண் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடையதை இன்னொருத்தி. யாருக்கும் தன் வண்டி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் ஒரு சின்னப் பெண் வேறு. பட்டியலில் இல்லாத பெண். அதாவது ஒவ்வொரு கேரியரும் ஏற்கனவே நிரம்பிவிட்டது. வள்ளிக்கு எதிலும் இடமில்லை. விதிப்படி பார்த்தால் எந்தச் சைக்கிளும் உரிய ஆளிடம் இல்லை. இன்னொன்றையும் பார்த்தேன். முதலில் வந்து சேர்ந்த மல்லிகா நல்ல வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு, செயின் அடிக்கடி கழன்றுவிடும் ஒரு வண்டியை எடுத்தாள். இரண்டாவதாக வந்தவள் பெடல் ஆடுகிற வண்டியை. எனக்குச் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. நான் பார்க்கிறேன் என்று நல்ல பிள்ளையாக நடிக்கிறார்களோ? மல்லிகாவிடமே கேட்டேன். எதற்கு ஆச்சரியப்படுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

“முதல்ல வந்தவளுக்கு நேரம் இருக்குதுல்லக்கா, நின்னு நின்னு செயின் மாட்டிக்கினு போவலாம். லேட்டா வர்றவளுக்குத்தானே நல்ல வண்டி வேணும்?”

கேட்டது ஒரு வார்த்தை

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது பயம் புது வேஷத்தில் வந்தது. ‘நம்பலாம்’ என்று எழுதி, நாளைக்கு ஒரு சைக்கிள் காணாமல் போனால் என் தலை. ‘நம்ப முடியாது’ என்று எழுதினால் விதிப்படி நான் சரி, யாரும் கேட்கமாட்டார்கள். கேரளா பஸ்ஸில் ஜன்னலோரம் வள்ளி உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும், அதுவும் எனக்கு மட்டும். என் கணவர் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, தட்டில் சோறு போட மறந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பால்காரர் தண்ணீர் ஊற்றவில்லை என்பதையே இன்னும் நம்பாத நீ, ஒரு மலையை நம்புவதா வேண்டாமா என்று ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே என்று அனுதாபப்பட்டுவிட்டு, தானே போட்டுச் சாப்பிட்டார்.

கடைசியில் ‘நம்பலாம்’ என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையைத் தனியாக அனுப்பப் பயந்து அதன் கீழே காரணத்தையும் எழுதினேன்: சைக்கிள்களைப் பெண்ணுக்கு ஒன்று என்று தேடினால் கிடைக்காது, பாதைக்கு ஒரு கொட்டகை என்று தேடினால் எல்லாம் கிடைக்கும், அடுத்த முறை நம்பருக்கு நேரே பெயர் எழுதாமல் ஊர் எழுதுங்கள், ஒரு கூரைக்கும் செயின்களுக்கும் ஏற்பாடு செய்யுங்கள், போராட்டம் நடக்கிற அந்த ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜமாணிக்கத்தின் மீசையை மட்டும் எழுதாமல் விட்டேன். செயலாளர் சர்க்கரை ஆலை ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு என்னை வரவழைத்தார். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது:

“கேட்டது ஒரு வார்த்தை, நீங்க அனுப்பினது ஒரு சரித்திரம். இருந்தாலும் எங்க கமிட்டி முழுசா உட்கார்ந்து படிச்ச முதல் ரிப்போர்ட் இதுதாம்மா.”

மலையிலிருந்து வந்த விசாரணை

கமிட்டி படித்தது என்றுதான் சொன்னாரே ஒழிய, லாரி வரும் என்று சொல்லவில்லை. மே மாதம் முழுக்க ரோட்டில் லாரி சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். கரும்பு, நெல், செங்கல். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கையில் ரஹீம் பாய் சொல்லியனுப்பினார், கடை வாசலில் இறக்க இடமில்லை என்று. போய்ப் பார்த்தால் தெரு அடைத்துக்கொண்டு பாகங்கள். பாய் கை முழுக்க ரோஸ், தாடியிலும் கொஞ்சம்.

கொட்டகையில் விழா. ராஜமாணிக்கம் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளிக்குக் கால் முழுதாக எட்டவில்லை. அவள் அக்கா பின்னால் பிடித்துக்கொள்ள, வாய்க்கால் ஓரமாக வளைந்து வளைந்து போய் ஒரு வேலியில் மோதி விழுந்தாள். எழுந்து மறுபடி ஏறினாள். காளியம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். எஸ்டேட்டுக்குக் கிளம்ப மூட்டை கட்டியாகிவிட்டது என்றும், சின்னவளின் துணியை மட்டும் அதிலிருந்து நேற்று பிரித்து எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். இனி மல்லிகாவும் வள்ளியும் சித்தி வீட்டில் இருந்து படிப்பார்களாம். விழாவுக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்தீர்களா என்று கேட்டேன். என் பையனின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள்.

“எங்ககிட்ட வந்து சைக்கிள் இருக்குதான்னு பாத்தீங்க இல்ல? நீங்க பாத்ததைப் பாத்த மாதிரியே எழுதினீங்களான்னு பாக்க வந்தேன். எழுதிக்கீறீங்க.”

இப்போது இந்தப் பக்கத்தில் ஓடுகிற அத்தனை ரோஸ் கலர் சைக்கிளையும் நம்பலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றில் ஏறச் சொன்னால் மட்டும், இது கமிட்டி கேட்காத கேள்வி என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடுகிறேன்.